எழுத்தாளர்களுக்குப் பல் பார்த்த சந்தை

கவிழ்த்து வைத்த புத்தகத்துக்கு அடியிலிருந்து முதல் குதிரை இறங்கி வந்த அன்று எங்கள் சாத்தன்சந்தையில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அன்று சந்தை நாள், சந்தை நாளில் எங்கிருந்தாவது ஒரு குதிரை வருவது வழக்கம்தான், அது காங்கேயத்திலிருந்து வந்தால் என்ன, கதையிலிருந்து வந்தால் என்ன, வந்த பிராணிக்குத் தண்ணீர் காட்டவேண்டும், நிழலில் கட்டவேண்டும், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. பல்லைப் பார்த்தபோதுதான் மாட்டுத் தரகர் சங்கரபாகம் அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். குதிரைக்குப் பல்லே இல்லை. கிழட்டுக் குதிரைக்குக்கூடத் தேய்ந்துபோன பல்லாவது இருக்கும். இதற்கு ஈறு மட்டும் ரோஜா இதழ்போல வழுவழுவென்று இருந்தது. பிடரி மயிர் இழை இழையாகப் பட்டு, குளம்பில் பொன், நெற்றியில் பிறைச்சுட்டி, கண்ணில் கருணை, ஆனால் வாயில் ஒன்றும் கிடையாது.

"எழுதினவரு வெளியவே பாத்து எழுதியிருக்காரு. வாயத் தெறக்கச் சொல்லல" என்றார் சங்கரபாகம்.

எங்கள் ஊர் வாசகசாலை முன்பு மாட்டுப் பவுண்டாக இருந்த கட்டடத்தில் இருந்தது. அடுத்தவன் வயலில் மேய்ந்த மாடுகளை அடைத்து வைக்கிற இடம் அது. மாடுகள் போய்ப் புத்தகங்கள் வந்தன, புல் தொட்டியில் வார இதழ்களை அடுக்கினார்கள், அதற்குமேல் மாற்றம் எதுவும் இல்லை. வாசித்த இடத்தில் அடையாளம் வைக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. விட்ட இடத்தில் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போவோம். கவிழ்த்த பக்கத்தில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். புத்தகத்தை மூடினால் உள்ளே போய்விட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பவுண்டில் அடைத்தது பவுண்டில் நிற்குமா, கதவு திறந்தால் வெளியே வரத்தான் செய்யும் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அந்த வாசகசாலையில் இரண்டு பேர் எழுதிய மாயக்கதைகளைத் தவிர வேறு எதையும் யாரும் தொடுவதில்லை. ஒருவர் ககனப்பிரியன், நாகமணித் தீவைப் பற்றி ஏழு பாகம் எழுதி, எட்டாவதில் கதை தொடங்கும் என்று அறிவித்திருந்தவர். மற்றவர் மீனலோசனி அம்மாள்; உப்பு ராஜ்யத்துப் போர்களை எழுதுகிறவர். ககனப்பிரியன் ஒருவரைக் கொல்வதற்கு முன் மூன்று பக்கம் வர்ணிப்பார். மீனலோசனி அம்மாள் வர்ணிப்பதற்கு முன்பே கொன்றுவிடுவார். இவர்களில் யார் நன்றாக எழுதுகிறவர் என்பதில் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. மற்றபடி இரண்டு தெருவும் கொண்டு கொடுத்த சொந்தக்காரர்கள், மழை பெய்யவில்லை என்றால் ஒரே கிணற்றில் சண்டை போடுகிறவர்கள்.

குதிரைக்குப் பின்னால் மற்றவை வந்தன. ககனப்பிரியனின் ஏழுதலை நாகம் வந்தது. நடுத்தலையை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, ஏனைய ஆறு தலைகளும் அவ்வாறே என்று அவர் முடித்திருந்ததால், நடுத்தலை கொட்டாவி விட்டால் ஆறும் விட்டன, நடுத்தலைக்குத் தும்மல் வந்தால் களத்து நெல்லெல்லாம் பறந்தது. நடுத்தலை பார்க்கிற பக்கம் எலி வராது, மற்ற பக்கங்களில் வரும், ஏனென்றால் ஆறு தலைகளும் அதே பக்கத்தைத்தான் பார்த்தன. அவருடைய இளவரசி வந்தாள். பதினெட்டு வகை ஆபரணம் பூண்டிருந்ததால் வாசகசாலைக் கதவு வழியே வர முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், வடக்குத் தெருப் பெண்கள் போய் ஒவ்வொரு நகையாகக் கழற்றிப் பார்த்து, திருகாணி இல்லாமல் தோடு எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள், அவள் பெருமூச்சு விட்டாள், அவளுக்கு எழுதப்பட்டிருந்தது அதுதான். அவருடைய எல்லா அத்தியாயத்திலும் பௌர்ணமி என்பதால், வாசகசாலை மூலையில் பட்டப்பகலிலும் ஒரு கட்டில் அகலத்துக்குக் குளிர்நிலவு கிடந்தது. மீன் விற்கிற அந்தோணியம்மாள் தன் கூடையை அதில் வைத்தாள். ஐஸ் வாங்கும் செலவு மிச்சம் என்றாள். அந்த நிலவுக்கு இலக்கியத்தில் அதைவிட நல்ல உபயோகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மீனலோசனி அம்மாளின் ஆட்கள் வேறு மாதிரி. அவர்கள் இறங்கும்போதே மார்பில் அம்போடு இறங்கினார்கள். "இந்த ரகசியத்தை இளவரசரிடம்" என்று ஆரம்பித்து, ரகசியத்தைச் சொல்லாமல் செத்தார்கள். முதல் தளபதி செத்தபோது தெற்குத் தெருவே கூடி முறையாக ஒப்பாரி வைத்தது, மாலை போட்டது, தூக்கிப் போகப் பாடை கட்டியது. மறுநாள் யாரோ அதே பக்கத்தைக் கவிழ்த்துவிட்டுப் போக, அதே தளபதி அதே அம்போடு வந்து அதே இடத்தில் நிறுத்திச் செத்தார். அதன் பிறகு பெண்கள் ஒப்பாரிக்குப் போகும்போது பீடி சுற்றும் தட்டையும் மடியில் எடுத்துக்கொண்டு போனார்கள். அழுகை ஒருபுறம், கட்டு ஒருபுறம், இரண்டும் தடைப்படவில்லை. ஆனால் அந்த அம்மாளின் ஓநாய்களுக்குப் பல் இருந்தது. சங்கரபாகம் ஒரு ஓநாயின் வாயைத் திறந்து, நாற்பத்திரண்டும் இருப்பதை எண்ணி, வாயை மூடி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "தொழில் தெரிஞ்ச பொம்பள" என்றார். அந்த ஓநாய்கள் அடுத்த வாரத்துக்குள் வடக்குத் தெருவில் ஆறு ஆடுகளைத் தின்றன. பல் உள்ள எழுத்தின் பலன் அது.

இந்தக் கூட்டத்தில்தான் அந்தக் காவல்காரரும் வந்தார்.

அவர் எந்தப் புத்தகத்திலிருந்து இறங்கினார் என்பதை யாரும் பார்க்கவில்லை. அன்று பெஞ்சில் இரண்டு பேருடைய புத்தகங்களும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. அவர் நேராக நடந்து சந்தை வாசலில் இருக்கும் உலகம்மாளின் இட்லிக் கடைக்குப் போய், நிலைப்படிக்கு இடப்புறம் ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் என்று ஒன்று அவருக்குச் சரியாக இல்லை. பல வருஷம் எண்ணெய் தேய்த்த கல் சாமிக்கு இருக்குமே, கண் இருக்கும் இடமும் மூக்கு இருக்கும் இடமும் தெரியும், கண்ணும் மூக்கும் தெரியாது, அப்படி. அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றே ஒன்று. யார் வந்தாலும், "யாரங்கே?" என்பார்.

உலகம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. புருஷன் பம்பாய்க்குப் போய் அங்கேயே ஒரு குடும்பத்துக்குப் புருஷனாகிவிட்டவன். சந்தைக்கு வருகிறவர்களில் குடித்துவிட்டு வருகிறவர்களும், கைகழுவும்போது இடிக்கிறவர்களும் உண்டு. காவல்காரர் நின்ற நாளிலிருந்து அதெல்லாம் நின்றது. "யாரங்கே?" என்று முகமில்லாத ஒருவர் கேட்டால், குடித்தவனுக்கும் அப்பன் பெயரோடு தன் பெயர் ஞாபகம் வந்தது. வந்தவர் பெயரைச் சொல்ல, அவள் இட்லியை எடுத்து வைக்க, கடை ஒழுங்காக நடந்தது. அவள் அவரை "வாசல்காரரே" என்று கூப்பிட்டாள். முதலில் தண்ணீர்க் குடத்தை இறக்கச் சொன்னாள், அப்புறம் ஆட்டுக்கல்லில் உட்காரச் சொன்னாள், அப்புறம் அவருக்குத் தனியாக ஒரு தட்டு வாங்கினாள். தட்டு வாங்கிய அன்று ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊர் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் இருக்கிறவனைவிட இவர் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டது.

பங்குனிப் பெருஞ்சந்தை நெருங்கியபோதுதான் தொல்லை வந்தது. வெளியூர் மாடுகள் ஓநாய் வாசனைக்கு மிரண்டு வண்டியை விட்டு இறங்க மறுத்தன. களத்தில் நாகம் கிடந்தது. மேற்கு வரிசையில் குதிரைகள் ஒன்றும் தின்னாமல் அழகாக நின்றன. சந்தைக் கமிட்டி கூடியது. இரண்டு பேருடைய சரக்கையும் வைத்துக்கொள்ள இடமில்லை, ஒருவருடைய புத்தகங்களை மூடிச் சாக்கில் கட்டிவிட வேண்டும், நன்றாக எழுதுகிறவர் யாரோ அவர் சரக்கு மட்டும் ஊரில் இருக்கட்டும் என்று முடிவானது. எழுத்தாளர்கள் இருவரையும் அழைத்து, அவர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது, சங்கரபாகம் நடுவர்.

உலகம்மாள் அன்று மாலையே சங்கரபாகத்தைத் தேடிப் போனாள்.

"அண்ணாச்சி, எங்க வாசல்காரரு யாரு சரக்கு?"

"தெரியலயேம்மா. ரெண்டு பேரு புஸ்தகத்துலயும் பக்கத்துக்குப் பக்கம் வாசல்ல ஒரு காவலன் நிக்கான். கோட்டைனு எழுதிட்டா காவலன் வேணும்லா. எந்தக் காவலன் எறங்கினான்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப யாரு புஸ்தகத்த மூடினாலும் அவரு போயிருவாரா?"

"போனாலும் போவாரு. போகாட்டாலும், செயிச்சவுக என் ஆளுன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா நம்ம என்ன சொல்ல முடியும்? எழுதினவுகளுக்கு உரிமை உண்டுல்லா."

"யாருமே என் ஆளுன்னு சொல்லலன்னா?"

சங்கரபாகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். "கேக்க ஆளில்லாம சந்தையில நிக்கிற உருப்படி, தண்ணி காட்டினவுகளுக்குச் சொந்தம். அது கமிட்டி வச்ச சட்டம் இல்ல, அதுக்கு முந்தியே உள்ளது."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

எழுத்தாளர்கள் பெருஞ்சந்தைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ககனப்பிரியன் சரிகை அங்கவஸ்திரத்தோடு, வண்டியிலிருந்து இறங்குவதற்கே ஒரு பத்தி எடுத்துக்கொண்டு இறங்கினார். மீனலோசனி அம்மாள் சின்ன உருவம், பெரிய கைப்பை, வந்ததும் கூட்டத்தில் யார் யார் என்று பார்த்த பார்வையில் முன்வரிசைக்காரர்கள் மார்பைத் தடவிக்கொண்டார்கள். இருவரையும் மேடையில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை யாரும் அந்த இருவருக்கும் சொல்லவில்லை. சந்தையில் பிறந்து வளர்ந்தவன் தனக்கு வேண்டிய மாட்டைப் புகழமாட்டான். பிடித்த மாட்டின் பக்கத்தில் நின்று, சுழி சரியில்லை, நடை சரியில்லை, ஓசியில் கொடுத்தாலும் தீனிக்குக் கட்டுமா என்பான். வேண்டாத மாட்டைத்தான் வாயாரப் புகழ்ந்து, மகராசனாக இருங்கள் என்று சொந்தக்காரனுக்குக் கும்பிடு போட்டு நகர்வான். பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான், பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் அப்படித்தான்.

ஆகையால் வடக்குத் தெரு எழுந்து ககனப்பிரியனை ஏசியது. "ஒரு கதவத் தெறக்க நாலு பக்கமா? நாங்க அதுக்குள்ள ஒரு மாட்ட வித்துட்டு வந்துருவோம்." "ஏழு பாகம் படிச்சேன், இன்னும் தீவுக்குப் படகு போய்ச் சேரல. நடுக்கடல்ல என் பார்வையே மங்கிப்போச்சு." சொன்னவர் ஏழு பாகத்தையும் மூன்று தரம் படித்தவர். பிறகு அதே வடக்குத் தெரு மீனலோசனி அம்மாளைப் பார்த்துக் கைகூப்பி, "அம்மா எழுத்து தெய்வீகம்" என்றது. தெற்குத் தெரு எழுந்து மீனலோசனி அம்மாளை ஏசியது. "யாரு பேரையும் மனசுல வாங்க முடியல, பேரு வாயில வரதுக்குள்ள ஆளு செத்துருதான்." "கடைசி அத்தியாயத்துல பேச ஆளில்லாம ஓநாயே ஊளையிட்டு முடிக்கி." "இந்த அம்மா எழுதுத எழுத்துக்கு எங்க தெருவுல ஒருத்தி கண்ணீரு வத்திப்போய்க் கெடக்கா." சொன்னவள் தளபதியின் ஒப்பாரிக்கு ஒருதரமும் தவறாமல் போனவள். பிறகு ககனப்பிரியனைப் பார்த்து, "ஐயா நடை தங்கம், ஐயா வாக்கு வைரம், நல்லா இருக்கணும்" என்றது. தெற்குத் தெரு பெரிய தெரு. ஆகையால் மீனலோசனி அம்மாளுக்குக் கிடைத்த ஏச்சு அதிகம், ககனப்பிரியனுக்குக் கிடைத்த புகழ் அதிகம்.

அப்புறம் துண்டு. சங்கரபாகம் தோளில் இருந்ததை எடுத்து வலது கையில் போர்த்திக்கொண்டு வரிசையில் போனார். வீட்டுக்கு ஒருவர் துண்டுக்கு அடியில் கைவிட்டு, எந்த எழுத்தாளருக்கு எத்தனை மதிப்பு என்று விரலைப் பிடித்துச் சொன்னார்கள். வேண்டியதற்கு யார் அதிகமாகக் கேட்பார்கள்? ககனப்பிரியனுக்குத் தெற்குத் தெரு முழுக்க ஐந்து விரலும் கொடுத்தது. மீனலோசனி அம்மாளுக்கு அதே தெரு ஒரு விரலுக்குமேல் கொடுக்கவில்லை, ஒருவர் அரை விரல் பிடித்தார். இதைவிடத் தெளிவான தீர்ப்பு எங்கள் சந்தையில் நடந்ததில்லை. நன்றாக எழுதுகிறவர் மீனலோசனி அம்மாள்.

தீர்ப்பைச் சொல்வதற்கு முன் உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன் வந்தாள். காவல்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினாள்.

"ஐயா, அம்மா, ஒங்க ரெண்டு பேர்ல இது யாரு சரக்குன்னு சொல்லிட்டுப் போங்க. என் கடை வாசல்ல வந்து நின்னுட்டு எடத்த அடைக்கி. மொகத்தப் பாருங்க, மாவு பெசஞ்சு வச்சா இத விட நல்லாருக்கும். கண்ணு இல்ல, மூக்கு இல்ல. பேசத் தெரியாது, கெட்டுப்போன ரேடியோ கணக்கா ஒரே வார்த்தை. ஆட்டச் சொன்னா மாவு நறநறங்குது. ஒரு ஈட்டி வச்சிருக்கு, அதுல தேங்காகூட ஒடையாது. இப்படி ஒரு ஆள எழுத ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?"

அவள் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அவள் என்ன சொல்கிறாள் என்பதில் சந்தேகம் இல்லை. அவ்வளவு ஆசையாக அந்தச் சந்தையில் யாரும் எதையும் கேட்டதில்லை. காவல்காரர் மேடையைப் பார்த்து, "யாரங்கே?" என்றார்.

ககனப்பிரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அம்மணி, நான் படைக்கும் வாயிற்காப்போனுக்குக்கூட மீசைக்கு மட்டும் அரைப் பக்கம் செலவிடுவேன். இந்த வறிய உருவம் என் கற்பனையில் உதித்ததாகச் சொல்வது என் வாசகர்களுக்கு அவமானம்."

மீனலோசனி அம்மாள் காவல்காரரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் வந்து எவ்வளவு நாளாகிறது?"

"தை மாசம் வந்தாருங்கம்மா."

"தை மாதம் வந்தவர் பங்குனியிலும் உயிரோடு இருக்கிறாரா? அப்படியானால் என் ஆள் இல்லை."

"ரெண்டு பேரும் ஊரறியச் சொல்லிட்டிய" என்றார் சங்கரபாகம். "கேக்க ஆளில்லாத உருப்படி. தண்ணி காட்டினவ கூட்டிட்டுப் போகட்டும்."

பிறகு தீர்ப்பு. யாருக்கு எத்தனை விரல் என்பதைச் சங்கரபாகம் எண்ணிக்கை பிசகாமல் வாசித்தார், அது எண்ணிக்கை, அதில் அவர் பொய் சொல்லமாட்டார். ககனப்பிரியன் கண் கலங்கி எழுந்து, சால்வையை ஏற்றுக்கொண்டு, கிராமத்து மக்களின் தூய ரசனையைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். அவர் பேசப் பேசப் பின்னால் அவருடைய ஏழு பாகத்தையும் மூடிச் சாக்கில் கட்டினார்கள். குதிரைகள் போயின. நாகத்தின் நடுத்தலை போயிற்று, ஏனைய ஆறும் அவ்வாறே. இளவரசி கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டாள். நிலவு போனபோது அந்தோணியம்மாள் ஓடிப்போய்க் கூடையை எடுத்தாள். ஒவ்வொரு பாகம் மூடும்போதும் உலகம்மாள் தன் பக்கத்தில் நின்றவரின் சட்டை நுனியைப் பிடித்தாள். ஏழும் மூடிய பிறகும் நுனி கையில் இருந்தது.

எங்களுக்கு வேண்டியவர் கிடைத்துவிட்டார் என்று தெற்குத் தெரு வேட்டு வாங்க ஆள் அனுப்பியது. அதற்குள் மீனலோசனி அம்மாள் மேடையை விட்டு இறங்கி, யாரையும் பாராமல் வாசகசாலைக்குள் போய், தம் புத்தகங்கள் அத்தனையையும் கண்ட கண்ட பெஞ்சிலிருந்து பொறுக்கி, ஒவ்வொன்றாக அறைந்து மூடி, கைப்பையிலும் கக்கத்திலுமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அரை விரல்" என்றார். "அரை விரல் கொடுத்தது யார்?"

"நாந்தாம்மா" என்றாள் தெற்குத் தெரு பூமாரி, முகமெல்லாம் சிரிப்பாக. தன் அன்பை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வண்டி புறப்பட்டது. ஓநாய்கள் ஏற்கெனவே போய்விட்டன, பீடித் தட்டோடு அழுதுகொண்டிருந்த பெண்களின் நடுவிலிருந்து தளபதி பாதி வாக்கியத்தோடு போய்விட்டார். யாரை வைத்துக்கொள்ள விரும்பினோமோ அவரை அவ்வளவு நன்றாக ஏசியிருந்தோம். ஆறு மாதம் கழித்து அவருடைய புதிய புத்தகம் வந்ததாகவும், அதில் சந்தை நடக்கும் ஊர் ஒன்று முதல் பக்கத்திலேயே தீப்பிடித்து ஒருவர் மிச்சமில்லாமல் சாவதாகவும், அதுதான் அவர் எழுதியதிலேயே சிறந்தது என்றும் கேள்விப்பட்டோம். ககனப்பிரியன் பேட்டிகளில் எங்கள் ஊரைப் பாராட்டி வருகிறார்.

காவல்காரர் இரண்டு பேருடைய புத்தகங்களும் மூடிய பிறகும் நின்றார்.

ஆனால் உலகம்மாள் அன்று சந்தோஷமாக இல்லை. எழுத்தோடு புழங்குகிறவர்கள் சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவள் இப்போதுதான் மேடையில் பார்த்திருந்தாள். அந்த எழுத்தாளர்களே அப்படி என்றால், எழுதப்பட்டவர் எப்படி இருப்பார்? ஊர் முன்னால், மாவு பிசைந்த முகம் என்றாள், கெட்டுப்போன ரேடியோ என்றாள். மறுநாள் காலை அவள் அடுப்பு மூட்டினாள். அவர் குடத்தை இறக்கினார். முதல் ஈடு இட்லி வெந்ததும் அவருடைய தட்டில் நான்கை வைத்து, சாம்பாரை ஊற்றி, நிலைப்படியில் வைத்துவிட்டு, அவர் முகம் இருக்கும் இடத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிக்கொண்டாள்.

அவர் ஈட்டியைச் சுவரில் சாத்தினார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

"இதெல்லாம் ஒரு சாம்பாரா?" என்றார். "உப்பு இல்ல, உறைப்பு இல்ல. வேற கடையப் பாத்துப் போயிரலாம்னு யோசிக்கேன்."

உலகம்மாள் திரும்பாமலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாளியைத் தூக்கி வந்து அவர் தட்டு நிறைய ஊற்றினாள்.

"போறவரு போம்வே. யாரு கையப் புடிச்சா?"

அவர் தட்டை நகர்த்தி, இன்னும் இரண்டு இட்லிக்கு இடம் பண்ணினார்.